நான் நிமிர்த்திய கோபுரம்

சாய்ந்திருக்கும் எதைப் பார்த்தாலும் என் கை துறுதுறுக்கும். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் சட்டைக் காலரைக்கூட நேராக்கி வசவு வாங்கியிருக்கிறேன். இந்த வியாதியால் என் கல்யாணமே நின்றுபோக இருந்தது என்பதை ஒப்புக்கொள்வதில் இப்போது வெட்கமில்லை. (அப்போது இருந்தது. ஏராளமாக இருந்தது.)

அறுபதுகளின் தொடக்கம். நெய்வேலியில் வரைபட அலுவலகத்தில் எனக்கு வேலை. பொறியாளர்கள் வரைந்த படத்தின் மேல் மெல்லிய துணியை விரித்து, அதே கோடுகளை மையால் இன்னொரு தரம் போடவேண்டும். கோட்டின் மேல் கோடு, அவ்வளவுதான். ஆனால் என் நடையைப் பார்த்தால் சுரங்கத்தைத் தோண்டச் சொன்னதே நான்தான் என்று தோன்றும். பெர்மனென்ட் ஆன கையோடு குவார்ட்டர்ஸும் கிடைத்து, அம்மாவும் நானும் குடிவந்திருந்தோம்.

அலுவலகத்திலிருந்த வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவர் ஊர் திரும்பும்போது ஒரு காகிதக் கட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்தேன். இத்தாலி நாட்டுப் பழைய கட்டிடங்களின் வண்ணப் படங்கள் ஆறு. ஓரம் பழுத்திருந்தாலும் நிறம் மங்கவில்லை. ஒன்றில், தண்ணீருக்குள்ளிருந்தே எழுந்து நிற்கும் மாளிகைகள், வாசற்படியில் படகு. இன்னொன்றில், மாபெரும் குவிமாடத்தின் உட்புறம். உச்சியில் வட்டமாக ஒரு திறப்பு, அதன் வழியே வெயில் இறங்கித் தரையைத் தொடுகிறது. அடியில் நிற்கும் மனிதர்கள் எறும்பளவு. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மனிதக் கை கட்டியதுதானா இது என்று திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு, பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருவதாக இருந்தது. பெண் குறிஞ்சிப்பாடி, பெயர் சகுந்தலா. ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். காபி டம்ளரை நீட்டும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கட்டினால் இவளைத்தான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அப்பா கலியபெருமாள் ஒரு கொத்து மேஸ்திரி. அவர் சம்மதம்தான் பாக்கி. மேஸ்திரியை அசத்தக் கட்டிடப் படங்களைவிட வேறென்ன வேண்டும்? மைதாப் பசை காய்ச்சிச் சுவரில் ஒட்ட ஆரம்பித்தேன்.

ஆறாவது படத்தில்தான் வந்தது வினை. அடுக்கடுக்காகத் தூண்கள் வைத்த வெள்ளைப் பளிங்குக் கோபுரம். ஆனால் கோணல். அச்சடித்தவன் அரைத் தூக்கத்தில் அடித்திருக்கிறான் என்று தீர்மானித்தேன். (பள்ளியில் அந்தப் பாடம் நடந்த அன்று நான் லீவு போலிருக்கிறது.) அடுத்த ப்ளாக்கில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் சுவர் செங்குத்தா என்று பார்க்கும் தூக்குக்குண்டை இரவல் வாங்கி வந்து, நூல் பிடித்து, கோபுரத்தை இம்மி பிசகாமல் நிமிர்த்தினேன். அதனால் கோணிப்போன நான்கு ஓரங்களையும் பிளேடால் நறுக்கிச் சதுரமாக்கினேன். அடியில் ஏதோ வேற்று மொழியில் எழுதியிருந்தது, அதுவும் போயிற்று. பசையைத் தாராளமாகத் தடவி ஒட்டினேன்.

மேஸ்திரியும் அவர் மனைவியும் வந்தார்கள். அம்மா குழாயைத் திறந்து காட்டினாள், விளக்கைப் போட்டுக் காட்டினாள். மேஸ்திரி எதையும் பார்க்கவில்லை. குவிமாடப் படத்தின் முன் போய், தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

“நடுவுல தூணே இல்லியே தம்பி. இம்மாம் பெரிய கூரை எத்தப் புடிச்சிகினு நிக்குது?”

பெண் கிடைத்த மாதிரிதான் என்று நினைத்தேன்.

பிறகு கோபுரத்துக்கு வந்தார். தலையை இடப்பக்கம் சாய்த்தார், வலப்பக்கம் சாய்த்தார்.

“கோபுரம் நேரா நிக்குது. பக்கத்துல கோயிலு ஏன் சாஞ்சிகினு கெடக்குது?”

“அங்க தரை சரிவுங்க” என்றேன்.

“செரி. ஆளுங்க?”

ஆட்களை அப்போதுதான் பார்த்தேன். குடை பிடித்த பெண்மணி முதல் குதிரைவண்டிக்காரன் வரை எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றார்கள்.

“காத்துங்க.”

மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சாஞ்சது கோபுரந்தான் தம்பி. அத நிமித்தறேன்னு நீங்க ஊரையே சாச்சிப்புட்டீங்க.”

சமையலறையில் அவர் மனைவி சிரித்தது எனக்குக் கேட்டது. ஆனால் மேஸ்திரி சிரிக்கவில்லை. படத்தருகே இன்னும் குனிந்தார். “அப்ப, சாஞ்சிகினே நிக்குதா? உழாமலா? எடுங்க, சரியா வெச்சிப் பாப்போம்” என்று படத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். உதவுகிறேன் என்று நானும் இழுத்தேன். பசை விடவில்லை. படத்தோடு முறம் அளவுக்குச் சுவரின் பூச்சே பெயர்ந்து, அம்மா கொண்டுவந்து வைத்த கேசரியின் மேல் விழுந்தது.

“சேதி சொல்லி அனுப்பறோம்” என்று கிளம்பிவிட்டார்கள். ஒரு வாரம் பூச்சு போன இடத்தில் தெரிந்த செங்கல்லைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தேன். சகுந்தலாவின் அடக்கிய சிரிப்பு இனி வேறு எவனுக்கோ என்று நினைத்துக்கொண்டேன்.

மறு ஞாயிறு காலை வாசலில் மேஸ்திரி. சைக்கிள் கேரியரில் சிமென்ட்டும் மணலும், கையில் பூச்சு பூசும் கரணை.

“எதுக்குங்க இதெல்லாம்?” என்றேன்.

“தையில எம்பொண்ணு வந்து இருக்கப்போற வூடு. செவுரு இப்பிடியா இருக்கும்? போயி தண்ணி கொண்டாங்க மாப்ள.”

தண்ணீர் கொண்டு வருவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தூக்குக்குண்டை மட்டும் கடைசிவரை அவர் என்னைத் தொடவிடவில்லை.

கல்யாணத்துக்கு அவர் என்னிடம் கேட்ட ஒரே சீர், பூச்சிலிருந்து உரித்தெடுத்த அந்தப் படம். நான் நறுக்கிய அழகில், கோபுரம் ஒழுங்காகச் சாயவேண்டுமானால் சட்டத்தையே கோணலாகத்தான் மாட்டவேண்டும். குறிஞ்சிப்பாடி வீட்டுக் கூடத்தில் அப்படித்தான் மாட்டினார். வருகிறவர்கள் எல்லோரும் அதை நேராக்கக் கை நீட்டுவார்கள். மாமனார் பதறிப்போய்த் தடுப்பார்:

“தொடாதீங்க! ஏற்கெனவே ஒருத்தரு நிமித்தி, எம்பொண்ணையே குடுக்க வேண்டியதாப் போச்சி.”