காணாமல் போன ஹார்ட் டிஸ்க்கும் ரமணியின் கல்யாணமும்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சங்கத்தின் மண்டப அலுவலகம். அந்தப் புதன்கிழமை காலை அங்கே இருந்தவர்கள்: அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தலைவர் கனகலிங்கம், மளிகைக்கடை வைத்திருக்கும் பொருளாளர் பழனியப்பன், தட்டச்சு செய்யும் புஷ்பவல்லி, சுங்கை பூலோவிலிருந்து வந்த லோரி ஓட்டுநர் சின்னையா. ஆக நான்கு பேர். கம்ப்யூட்டரையும் சேர்த்தால் ஐந்து. சேர்க்கத்தான் வேண்டும் என்பது தலைவரின் கருத்து. தொண்ணூற்று மூன்றாம் வருஷம் பிறந்ததிலிருந்து மண்டபத்தின் முடிவுகளை அதுதான் எடுத்துக்கொண்டிருந்தது.

சின்னையா கேட்டு வந்தது ஒரு சாவி. ஞாயிற்றுக்கிழமை அந்த மண்டபத்தில் அவர் மகள் ரமணிக்குக் கல்யாணம். சனிக்கிழமையே வாழைமரம் கட்ட ஆள் வருகிறது.

"சாவிக்கென்ன, தரலாம்," என்றார் தலைவர். "உங்கட பேர் கம்ப்யூட்டரில இருக்கோ எண்டு ஒருக்காப் பாக்கவேணும். நடைமுறை."

புஷ்பவல்லி சுவிட்சைப் போட்டாள். கம்ப்யூட்டர் முனகியது, 'பீப்' என்றது, கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு செய்தியைக் காட்டிவிட்டு நின்றது. ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை. தொடர்வதற்கு எஃப் ஒன் பொத்தானை அழுத்தவும்.

பதிவுகளெல்லாம் அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் இருப்பதாக ஐதீகம். பழைய பதிவுப் புத்தகங்களை, கம்ப்யூட்டர் திறப்பு விழா அன்றே, குத்துவிளக்கு ஏற்றிய கையோடு பழைய பேப்பர்காரனுக்குக் கொடுத்தாகிவிட்டது.

"அழுத்தட்டுமா சார்?"

"பொறு பிள்ளை. தொடர்கிறதெண்டால் ஆரின்ர அதிகாரத்தில தொடர்கிறது? செயற்குழு கூடித் தீர்மானம் போடவேணும்."

"அப்ப கூட்டுங்க ஐயா," என்றார் சின்னையா.

"கூட்ட அறிவிப்பைக் கம்ப்யூட்டரிலதான் அடிக்கவேணும், தம்பி."

பழனியப்பன் திரையை உற்றுப் பார்த்தார். "காணோம்னு அதுவே எழுத்துல சொல்லுது. முதல்ல போலீஸ் ரிப்போர்ட் போடணும்லா. ரிப்போர்ட் இல்லாம இந்த ஊர்ல என்ன நடக்குது?"

"கடைசியாப் பார்த்தது ஆர்?"

"நான்தான்," என்றார் பழனியப்பன். "சரஸ்வதி பூசைக்குப் பெட்டியத் தொறந்து, உள்ள கைய விட்டு, அதை வெளிய எடுத்துச் சந்தனம் குங்குமம் வச்சேனே! பூவும் வச்சேன். எல்லாரும் பெட்டிக்கு மேல வைக்கிறாங்க. மேல வச்சா மூளைக்குப் போய்ச் சேருமா?"

இதில் தவறு எதுவும் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. சின்னையாவுக்கும்தான், அவர் தன் லோரிக்கு எஞ்சின் வரை குங்குமம் வைப்பவர். ஆனால் அவருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

"ஐயா, உங்க சட்டைப் பையில இருக்கிறது என்ன?"

கல்யாண அழைப்பிதழ். மண்டபத்தின் பெயர் அதில் தங்க எழுத்தில் இருந்தது. கீழே, 'வாழ்த்துரை: திரு. கனகலிங்கம்.'

"இது நீங்கள் அச்சடிச்சது," என்றார் தலைவர் வருத்தத்தோடு. "உத்தியோகபூர்வமானதில்லை."

"அப்ப ஞாயித்துக்கிழமை நீங்க வாழ்த்த எங்க போவீங்க?"

"இஞ்சதான். வேறெங்க?"

வெள்ளிக்கிழமை கிள்ளானிலிருந்து கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பாலன் வந்தான். அன்றைக்கும் அதே நான்கு பேர் சுற்றி நின்றார்கள். அவன் பெட்டியைத் திறந்து ஒரு வாடிய சாமந்தியை எடுத்து மேசையில் வைத்தான்.

"ஒயர் கழண்டிருக்கு அங்கிள். வெளிய எடுத்தவங்க திரும்ப மாட்டல."

மாட்டினான். கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டது. பழனியப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சின்னையாவுக்குக் கண் கலங்கியது.

ஹார்ட் டிஸ்க்கில் ஒரே ஒரு கோப்பு இருந்தது. தலைவர் திறப்பு விழாவில் ஆற்றிய உரை.

"பதிவுகள் எங்க பிள்ளை?"

"பதியச் சொல்லி யாரும் சொல்லலையே சார். கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்கும்னு விழாவுல நீங்கதானே பேசினீங்க. அதையும் நான்தான் அடிச்சேன்."

சின்னையா முன்னால் வந்தார். "சரிங்க ஐயா. அப்ப ஞாயித்துக்கிழமை மண்டபம் காலிதானே? எனக்கே குடுத்துடுங்களேன்."

"காலி எண்டால் புதுசாப் பதியலாம். புதுப் பதிவுக்கு ஒரு மாத முன்னறிவிப்பு வேணும். கல்யாணத்தைத் தைக்குத் தள்ளி வையுங்கோவன்."

"அது மட்டும் முடியாதுங்க," என்று சின்னையா நிமிர்ந்தார். "கிள்ளான்ல கம்ப்யூட்டர் ஜாதகம் பார்த்துக் குறிச்ச முகூர்த்தம். ரெண்டு நல்ல மாப்பிள்ளைய அது வேணாம்னுச்சு, நானும் வேணாம்னுட்டேன். கம்ப்யூட்டர் சொன்னா சொன்னதுதான்."

அந்த இரண்டு நாளில் இருவரும் ஒத்துப்போன இடம் அது ஒன்றுதான். தலைவர் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தில் கூடாரம் போட்டு ரமணிக்குத் தாலி ஏறியது. தாலி ஏறும்போதே மழையும் பிடித்துக்கொண்டது. கூடாரம் மணமேடையில் ஒழுக, பழனியப்பன் தன் குடையை மணப்பெண்ணுக்குப் பிடித்தார். தலைவர் கம்ப்யூட்டர் யுகத்தைப் பற்றி, விழாவில் பேசியதையே இன்னொரு முறை பேசினார். வந்த கூட்டம் பூட்டிய மண்டபத்தின் கண்ணாடிச் சன்னலில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்தது.

"மண்டபம் இருக்கே, ஏன் வெளிய?" என்று மாப்பிள்ளையின் மாமா கேட்டார்.

"கம்ப்யூட்டர் பிரச்சினைங்க," என்றார் சின்னையா.

"ஓ, கம்ப்யூட்டரா? அப்ப சரி," என்றார் மாமா. பின்னால் நின்றவர்களும் தலையாட்டினார்கள். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நனைந்துகொண்டே பந்திக்கு நின்றார்கள்.

உட்கார ஆளில்லாமல் உள்ளே மிச்சமிருந்த நாற்காலிகள் நானூற்றுப் பன்னிரண்டு.