தகெஜிரோவின் மெழுகுவர்த்திகள்

முப்பத்தெட்டு வருஷம் சம்பளக் கவரைப் பிரிக்காமல் மனைவி கினுயோவிடம் கொடுத்துவிட்டு, கைச்செலவுக்கு அவளிடமே கை நீட்டியவர் டிராம் ஓட்டுநர் தகெஜிரோ. ஓய்வு பெற்ற அன்று ஒரு சபதம் எடுத்தார். ஓய்வுப் பணத்தை மட்டும் தர மாட்டார். பங்குச் சந்தையில் போட்டு இரட்டிப்பாக்கி, அவள் வாயால் "பரவாயில்லையே!" என்று ஒரு வார்த்தை வாங்கியே தீருவார்.

அரிசிச் சந்தைக் காலத்திலிருந்தே விலையின் ஏற்ற இறக்கத்தை மெழுகுவர்த்தி வடிவில் வரைந்து பழகிய ஊர் ஒசாகா; அந்த ஊர்க்காரருக்கு மெழுகுவர்த்திப் படம் போட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விலை ஏறிய நாளுக்குச் சிவப்பு மெழுகுவர்த்தி, இறங்கிய நாளுக்குக் கறுப்பு. சாப்பாட்டு மேசை முழுக்கக் கட்டம் போட்ட தாள். தொடர்ந்து மூன்று கறுப்பு வந்தால் அதற்கு 'மூன்று காக்கா' என்று பெயர், ஆபத்து. அவர் வாங்கிய கப்பல் கம்பெனிப் பங்கில் இரண்டே வருஷத்தில் காக்காய்கள் கூடு கட்டிக் குஞ்சும் பொரித்துவிட்டன.

அன்று பிற்பகல் மூன்று மணிக்குச் சந்தை மூடியது. கடைசி மெழுகுவர்த்திக்கும் கறுப்படித்துவிட்டு நிமிர்ந்தார். எதிரே கினுயோ, வெளியே கிளம்பும் உடையில்.

"கினுயோ, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பணம்..."

"போச்சு. தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீங்க அந்தப் பங்கை வாங்கின அன்னிக்கு வித்தவங்கள்ல நானும் ஒருத்திங்க."

"நீயா! உனக்கேது பணம்?"

"தொப்புள் பணம்." வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து ஒளித்து வைப்பதற்கு அங்கே அதுதான் பெயர்.

"உனக்குப் படம் போடத் தெரியுமா?"

"எதுக்குப் படம்? நீங்க குளிக்கறப்போ பாடினா வித்துடுவேன். சோத்தை மிச்சம் வச்சா வாங்குவேன். ஒரு தடவைகூடத் தப்பினதில்ல."

தகெஜிரோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாடா, பிழைத்தோம்! "பரவாயில்லையே!" என்றார். அவளிடம் வாங்க நினைத்த வார்த்தையை அவரே கொடுத்துவிட்டார்.

அவள் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கட்டத் தாள்களின் மேல் வைத்தாள். பச்சை எழுத்தில் அச்சடித்த விவாகரத்துப் படிவம். கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் அவளுடைய முத்திரை ஏற்கெனவே பதிந்திருந்தது.

"பணம் போனதுக்காகவா?"

"பணம் கெடக்குதுங்க. போன மார்ச்ல எங்க அக்காவைத் தகனம் பண்ணிட்டு வந்து இதே நாற்காலியில உக்காந்தேன். 'கொஞ்சம் தள்ளிக்கோ, தாள்ல நிழல் விழுது'ன்னீங்க."

நினைவு வந்தது. அன்று நல்ல சிவப்பு. தாளில் இறங்கிய ஒவ்வொரு கோட்டையும் கண் எரியப் பார்த்தவர், எதிரே இருந்தவள் இறங்கிக்கொண்டே போனதைப் பார்க்கவில்லை.

"இந்த வீட்லயும் எத்தனையோ காக்கா வந்து உக்காந்துச்சு. நீங்க எண்ணவே இல்ல."

"இனிமே... திரும்ப ஏறவே ஏறாதா, கினுயோ?"

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஏறறேங்க. நாலு பத்து டிராம்ல."