நார்வே நாட்டுக் கொசு

இராயபுரத்தில் அந்த ஆண்டு இரண்டு இடங்களில்தான் கூட்டம். ஒன்று ரேஷன் கடை. இன்னொன்று, துறைமுக மதிலோரம் கூடாரம் போட்டிருந்த கப்பல் சித்தர். ரேஷன் கடையில் அரிசி தீர்ந்துவிடும். சித்தரிடம் சரக்கு தீர்ந்ததே இல்லை. கடல் கடந்து போகிறவர்கள் தேசத்தின் பெயரைச் சொன்னால் போதும். பட்டுத்துணி சுற்றிய சுவடிக்கட்டைத் தடவி, கண்ணை மூடி, அந்த ஊர்த் தண்ணீர், காற்று, காய்ச்சல் எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துச் சொல்லிவிடுவார். இது முன்பே தெரிந்திருந்தால் வெள்ளைக்காரன் வீணாகக் கப்பல் விட்டிருக்க மாட்டான்.

லோகநாதன் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தா. பெட்டிமேல் உள்ள இங்கிலீஷை மூச்சுவிடாமல் படிப்பான். பிரேசிலுக்குப் போகும் கப்பலில் அவனுக்கு நல்ல வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை ஏறாவிட்டால் வேலை வேறொருவனுக்குப் போய்விடும். எட்டாவது வரை படித்த தன் மூளைமேல் அவனுக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. சித்தரிடம் போனான்.

பெரிய தேசம், வெப்ப பூமி என்றார் சித்தர். காய்ச்சாத தண்ணீர் குடித்தால் பேதி. வலையில்லாமல் படுத்தால் கொசு, மலேரியா. நறுக்கி வைத்த பழத்தைத் தொட்டால் காலரா. வண்டிக்காரன் இரண்டு மடங்கு கேட்பான். உயிரோடு திரும்புவது கஷ்டம் என்று சொல்லி ஒரு தாயத்தும் கொடுத்தார். லோகநாதன் தாயத்தையும் கட்டிக்கொண்டான், போவதில்லை என்றும் முடிவு செய்துவிட்டான். இரண்டும் சேர்ந்தால் பாதுகாப்பு அதிகம் அல்லவா!

குழாயடியிலிருந்து வந்த மனைவி கெங்கம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"பேதி, கொசு, காலரா, வண்டிக்காரன் பேஜாரு. இது நம்ம தெருவுய்யா. முப்பது வருசமா இங்கதானே கீறே, செத்தா பூட்டே?"

லோகநாதனுக்கு ரோஷம் வந்தது. சித்தரைச் சந்தேகிப்பது பாவம் என்றான். அந்தப் பாவம் தனக்கே வரட்டும் என்று அவனைக் கூடாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"சாமி, என் தம்பி நார்வேக்குப் போறான். அங்க எப்டி கீது?"

சித்தர் சுவடிக்கட்டைத் தடவினார், கண்ணை மூடினார். "தெரிகிறது அம்மா. வெப்ப பூமி. வெயில் மண்டையைப் பிளக்கிறது. தம்பியைக் கொசுவலை எடுத்துப் போகச் சொல்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. லோகநாதனுக்குத்தான் உறைத்தது. நார்வேயிலிருந்து வரும் மீனெண்ணெய்ப் பீப்பாய்களை எண்ணுகிறவனே அவன்தான். அது பனிக்கட்டி தேசமென்று அவளுக்குச் சொன்னவனும் அவனேதான். அவமானம் தாங்காமல் பாய்ந்து சுவடிக்கட்டைப் பிரித்தான். ஓலை ஒன்றுகூட இல்லை. உல்லாசக் கப்பலில் வந்த எவரோ போட்டுவிட்டுப் போன இங்கிலீஷ் கையேடு ஒன்றுதான் இருந்தது. சித்தர் ஒரு காலத்தில் துரை வீட்டு பட்லர் என்பது பிறகு தெரிந்தது.

"எல்லாருக்கும் கேக்கறாப்புல படிய்யா," என்றாள் கெங்கம்மா.

'இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வருவோர் அறிய வேண்டியவை' என்று அட்டையைப் படித்தான். கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது. கடைசிப் பக்கத்தைப் படிக்கும்போது அவனுக்குக் குரல் இறங்கிவிட்டது.

'இந்நாட்டில் தெருவோரச் சோதிடர்கள் மலிந்துள்ளனர். அவர்களை நம்ப வேண்டாம். சுற்றி நிற்கும் கூட்டத்தைப் படம் எடுக்கலாம், அசையாமல் நிற்பார்கள்.'

நிமிர்ந்து பார்த்தால் சித்தரைக் காணோம். கூட்டம் அசையாமல் நின்றது. நடுவில் தாயத்தோடு லோகநாதனும் நின்றான்.

வெள்ளிக்கிழமை தாயத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையோடு கப்பல் ஏறினான். நம் ஊரை நமக்கே அயல்நாடாகக் காட்டிய அந்தச் சித்தர் கண்ணை மூடியது வெறும் நடிப்பு. நாம் மூடியிருந்ததுதான் நிஜம். இனியாவது திறந்து வைப்போம்.