வாய்தா ஏழை

ஒருவரின் தாடையில் ரேசரை வைத்திருப்பவள் தலையைத் திருப்பக் கூடாது. காதைத் திருப்பத் தடையில்லை. அப்படிச் சவரம் செய்துகொண்டிருந்தபோதுதான் இந்த இனத்தை அருகிலிருந்து கவனித்தேன். பெயர், வாய்தா ஏழை.

சாதாரண ஏழை மாதம் முப்பது நாளும் ஏழை. இவர் குடும்ப கோர்ட்டில் வாய்தா உள்ள நாளில் மட்டும் ஏழை. மனைவியாக இருந்தவள் ஜீவனாம்சமோ பிள்ளைச் செலவோ கேட்டு மனுப் போட்டாள் என்று தெரிந்த நொடியில், அதுவரை கேட்காதவர்களிடமும் தன் சம்பள உயர்வைச் சொல்லிக்கொண்டு, வெள்ளிக்கிழமைதோறும் இந்திராநகரில் பீர் குடித்துக்கொண்டிருந்தவருக்கு போனஸ் நின்றுபோகிறது, கார் தம்பி பெயருக்குப் போகிறது, இல்லாத கடனெல்லாம் வந்து சேர்கிறது, இடுப்பு வலிக்கிறது. கைக்கடிகாரமும் கழன்றுவிடும். மணிக்கட்டில் வெளுத்த வட்டம் மட்டும் மிச்சம்.

கோர்ட் இதையெல்லாம் பார்க்காததா? வருமானம், சொத்து, செலவு மூன்றையும் சத்தியம் செய்து எழுதிக்கொடு என்கிறது. வேலையை விட்டுவிட்டேன் என்றால், சம்பாதிக்கும் திறமையையும் விட்டுவிட்டாயா என்கிறது. புருஷன் பெண்டாட்டி சண்டை எப்படி முடிந்தாலும் பிள்ளையின் பங்கு பிள்ளைக்கே. வாய்தா ஏழைக்கு இது புரியாது. "அவ ஷாப்பிங் பண்ணுவா" என்பார்.

நான் பார்த்துக்கொள்ளும் இராஜமாணிக்கம் ஐயா, ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். பக்கவாதம். வலது கை வராது, புத்தி நன்றாக வரும். அவர் மகன் கிஷோருக்கும் பிரபாவுக்கும் போன வருஷம் விவாகரத்து ஆகிவிட்டது. ஒன்பது வயது வீணா, அம்மாவோடு ஆஸ்டின் டவுனில் இருக்கிறாள். குழந்தைக்கு வீசிங், இன்ஹேலர் இல்லாமல் பள்ளிக்கூடம் போக முடியாது. மாதாமாதம் அவளுக்கு எவ்வளவு என்று அந்தச் சவரத்துக்கு மறுநாள் கோர்ட்டில் முடிவாக வேண்டும்.

ஐயாவின் பாதிக் கன்னம் முடிந்திருந்தது. கிஷோர் உள்ளே வந்தார்.

"சிஸ்டர், சின்ன ஹெல்ப். அப்பாவப் பாத்துக்க மாசம் நாப்பதாயிரம் நான் குடுக்குறேன்னு ரசீது எழுதிக் குடுங்க."

"எனக்கு வர்றது இருபத்திரண்டு, தம்பி. அதுவும் ஐயா பென்ஷன்லேருந்து."

"பேப்பருக்குத்தானே? அப்பா செலவக் காட்டுனா பாப்பாவுக்குக் கம்மியாப் போடுவாங்களாம். எங்க டீம்ல ஒருத்தன் சொன்னான்."

"வீணாவுக்கு வீசிங் இப்ப எப்படி?"

"அதெல்லாம் பிரபா பாத்துக்குவா."

நுரைக்குள்ளிருந்து ஐயா குழறலாகப் பேசினார். "இந்த ரேசர்கூட நான் வாங்குனதுடா. நாப்பதாயிரமாம்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கவாதக்காரரின் சிரிப்பு ஒரு பக்கம்தான் வரும். அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

"அப்பா, நீங்க சும்மா இருங்க. சிஸ்டர், காலைல எட்டு மணிக்குள்ள வேணும்."

"எழுதி வைக்கிறேன்" என்றேன்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் பாத்திரம் தேய்க்கும் காந்தா, "அக்கா, ஐநூறு சேத்துக் குடுங்க" என்று நிற்கும்போது உங்களுக்கு ஏன் வீட்டுக் கடன், கேஸ் விலை, பையனின் டியூஷன் எல்லாம் ஒரே மூச்சில் ஞாபகம் வருகின்றன? அவள் படியிறங்கியதும் ஐநூறு ரூபாய்க்குப் பீட்சா ஆர்டர் செய்யும் விரல் யாருடையது? கேட்பவர் எதிரே நிற்கும் வரைதான் உங்கள் வறுமையும். எதற்கும் மணிக்கட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை ஏழரைக்கு, ஐயாவுக்கு ராகிக் கஞ்சி ஊட்டி வாயைத் துடைத்துவிட்டு ரசீது எழுதினேன். "மாதம் இருபத்திரண்டாயிரம் ரூபாய். இராஜமாணிக்கத்தின் பென்ஷனிலிருந்து பெற்றுக்கொள்கிறேன்." அதன் கீழே ஐயா இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டார். கிஷோர் வாங்கிப் படித்தார், கசக்கிப் பையில் திணித்தார், ஏழையாகவே கிளம்பினார்.

கசக்குவார் என்று ஐயாவுக்கு முன்பே தெரியும். அதனால்தான் ரசீதை முதலிலேயே போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். அதை அனுப்பப் பிரபாவின் நம்பரைத் தன் போனில் தேடிக் கொடுத்ததும் அவர்தான், இடது கட்டைவிரலால்.