தோல் முசே ஆக்கிய கீரை

தோல் முசே கையால் ஒரு வருஷம் சாப்பிட்டு உயிரோடு இருக்கிறவனை, எமனே வந்தாலும் கொஞ்சம் மரியாதையாகத்தான் கூப்பிடுவான். நான் ஒன்றே முக்கால் வருஷம் சாப்பிட்டேன். அத்தனை நாளும் தட்டின் முன்னால் உட்காரும்போதெல்லாம் என் வயிறு பசியில் பாதி, பயத்தில் பாதி என்றுதான் இருந்தது.

பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். புதுச்சேரி ஆபீசுகளில் இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டுமென்று திண்டிவனத்துப் பக்கத்துப் பையனான என்னைக் கூப்பிட்டு ஒரு மூலையில் உட்காரவைத்தார்கள். சம்பளத்தில் பெரும்பகுதி மணியார்டராக ஊருக்குப் போய்விடும். மிச்சத்தில் ஓட்டலில் சாப்பிட்டால் மாதக் கடைசியில் தண்ணீர்தான் ஆகாரம். அப்போது பழக்கமானவன் கோதண்டம். மில்லில் தறி ஓட்டுகிறவன்.

"எங்க ரூமுக்கு வந்துடு. முசே ஆக்கிப் போடறாரு. செலவே கிடையாது. கொஞ்சம் தைரியம் மட்டும் வேணும்" என்றான்.

கடைசியில் சொன்னதை வேடிக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

முசேவுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருக்கும். பழைய பிரெஞ்சுத் துரைத்தனத்தில் ஏதோ ஆபீசில் நகல் எழுதிக்கொண்டிருந்தவர். ஆபீஸ் பாஷை மாறியதும் வேலை போயிற்று. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த கிழவர்களுக்குப் பென்ஷன் மனு எழுதிக் கொடுத்துக் காலம் தள்ளினார். கல்யாணம் கிடையாது. சுத்த சைவம். வெளியே போனால் கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை. அதனால் 'முசே', பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி. 'தோல்' எப்படிச் சேர்ந்தது என்பது முதல் நாள் சாப்பாட்டிலேயே தெரிந்துவிட்டது.

சோற்றோடு பச்சையாக ஒரு துவையல் வைத்தார். அமிர்தம் போல இருந்தது.

"என்ன துவையலுங்க இது?"

"பீர்க்கங்காத் தோலு."

"அப்ப பீர்க்கங்காய்?"

சொத்தை விற்றுச் சூதாடுகிறவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "ஒரே நாள்லயாப்பா? காய் நாளைக்கு."

மறுநாள் காய் வந்தது. அதற்கு மறுநாள் முற்றின விதையை வறுத்துப் பொடித்த பொடி வந்தது. நான்காம் நாள் காம்பு வருமோ என்று கலங்கிப்போயிருந்தேன். நல்லவேளை, புதுக்காய் வாங்கியிருந்தார்.

பெரிய மார்க்கெட் கலைகிற நேரத்துக்குத்தான் முசே உள்ளே நுழைவார். முள்ளங்கி வாங்குகிறவர்கள் கிள்ளிப் போட்ட இலை, முட்டைக்கோசின் மேல்மடல், அடிபட்ட பூசணித் துண்டு எல்லாம் அவர் பைக்குள் போகும். வாழைக்காய்த் தோலில் பொரியல். மாங்கொட்டைப் பருப்பில் குழம்பு. வடித்த கஞ்சியில் ரசம். பேக்கரியில் முந்தின நாள் விற்காமல் கல்லாகிப்போன நீள ரொட்டியை அம்மியில் வைத்து உடைத்து, கடுகும் வெங்காயமும் தாளித்து உப்புமா. ஒரே புளியை மூன்று நாள் பிழிவார். மூன்றாம் நாள் ரசத்தில் புளியின் ஞாபகம் மட்டும் மிதக்கும். அடுப்பு கூட வாள்பட்டறையில் சும்மா அள்ளிவந்த மரத்தூளில் எரிவதுதான். சில நாள் 'டப்' என்று வெடித்து மேலே பூவாணம் விடும். முசே அசையமாட்டார். நானும் கோதண்டமும் வாசற்படிக்கு வெளியே நிற்போம்.

இதில் கொடுமை என்னவென்றால் எல்லாமே ருசியாக இருக்கும். வாயில் வைத்துப் பார்த்துத் தின்னக்கூடியதா, கூடாததா என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது.

ஒரு தரம் வெளியூர் போய்விட்டு வந்தவர், வரப்போரம் தோண்டினேன் என்று ஒரு கிழங்கைக் கொண்டுவந்து மசியல் செய்தார். நாலு கவளம் போனதும் நாக்கில் ஆயிரம் எறும்பு. கோதண்டத்துக்கு உதடு வீங்கி, நாக்கு உள்ளே போகாமல் நின்றுவிட்டது. மில்லுக்குப் போய் மேஸ்திரியிடம் விஷயத்தைச் சொல்லப் பார்த்திருக்கிறான். "ழ்ழ்ழ்" என்றுதான் வந்ததாம். குடித்துவிட்டு வந்திருக்கிறாய் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முசே அவனுக்கு முன்னால் நின்று, "புளி பத்தலப்பா. மூணாம் தண்ணி போட்டது என் தப்பு" என்று கைகளைப் பிசைந்தார். அன்றைக்குத்தான் முதல்முதலாக அவர் முகத்திலும் பயத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு கிழங்கு விஷயத்தில் திருந்திவிட்டார். கீரைக்குத் தாவினார்.

கீரைக்கு எதற்கு விலை கொடுப்பது என்பது அவர் கட்சி. பூட்டிக் கிடந்த ஒரு பெரிய பங்களாவின் பின்சுவரோரம் மணத்தக்காளி காடாக மண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் ஒரு பை நிறையக் கிள்ளிவந்தார். பாசிப்பருப்போடு கடைந்து, மத்தியானம் எனக்கும் கோதண்டத்துக்கும் போட்டார். எப்போதும் எங்களுக்குப் போட்டுவிட்டுத்தான் அவர் உட்காருவார். லேசான கசப்பு. மணத்தக்காளி கசக்கத்தானே செய்யும்? இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.

கை கழுவ மாடியிலிருந்து இறங்கிவந்தபோது முற்றத்தில் அஞ்சலை நின்றிருந்தாள். வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து கூடையில் கீரை கொண்டுவந்து விற்கிறவள். முசே அவளிடம் ஒரு நாளும் கீரை வாங்கியதில்லை. சாக்கடைத் தூம்பின் ஓரம் அவர் கொட்டியிருந்த தண்டுகளைக் குனிந்து பார்த்தாள். ஒன்றை எடுத்துக் கசக்கி முகர்ந்தாள். அவள் முகம் மாறியது.

"யாரு வூட்டுல ஆக்குனது இது?"

"எங்க ரூம்லதான். மணத்தக்காளி" என்றான் கோதண்டம்.

"மணத்தக்காளியும் கீது. நடுப்புற இதுவும் கீதே. இது ஊமத்தைக் கன்னுய்யா!"

கோதண்டம் என் கையைப் பிடித்தான்.

"உன்கிட்ட வாங்கலன்னு வயித்தெரிச்சல்ல சொல்றியா?" என்றான். குரலில் கெஞ்சல்தான் இருந்தது. ஆமாம் என்று அவள் சொல்லிவிடமாட்டாளா என்று எனக்கும் ஆசையாக இருந்தது.

"புள்ளகுட்டிக்காரி நானு. இதுலயா வெளையாடுவேன்? எத்தினி பேரு துன்னீங்க?"

நாங்கள் பதில் சொல்வதற்குள் எங்கள் பின்னால் மாடிப்படியில் இறங்கிவந்துகொண்டிருந்த முசே திரும்பி மேலே போனார். ஏதோ மருந்து எடுத்துவரத்தான் போகிறார் என்று பின்னாலேயே ஓடினோம். அவர் அடுப்பருகே சம்மணம் போட்டு உட்கார்ந்து, சட்டியில் இருந்த மிச்சக் கீரை முழுவதையும் சோற்றில் கொட்டி, அவசர அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தார்.

"யோவ்! என்னா பண்றய்யா நீ?" கோதண்டம் சட்டியைப் பிடுங்கினான். அது காலி.

முசே வாயில் இருந்ததை முழுங்கிவிட்டுச் சொன்னார். "ஆக்குனது நானு. உங்க ரெண்டு பேருக்கு மட்டும் போட்டுட்டு நான் சும்மா குந்திக்கினு இருக்க முடியுமா?"

"அதுக்கு மூணு பேரா சாவணுமா?"

"தெரியலப்பா. எனக்கு வேற ஒண்ணும் தோணல."

அஞ்சலை ஒரு சொம்பில் உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டாள். எங்கள் மூவரையும் வரிசையாக நிறுத்தி வாயில் ஊற்றினாள். நானும் கோதண்டமும் குடல் வெளியே வருகிற மாதிரி கக்கினோம். முசேவுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. விரலை விட்டுப் பார்த்தார், இன்னொரு சொம்பு குடித்துப் பார்த்தார். உள்ளே போன எதையும் வீணாக வெளியே விட்டுப் பழக்கமில்லாத வயிறு அது.

"ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கய்யா!" என்று அஞ்சலை கத்தினாள். தண்டுகளை ஒரு காகிதத்தில் சுற்றி முசே கையில் கொடுத்தாள்.

தெருமுனையில் ஒரு ரிக்ஷாதான் நின்றது. என்னையும் கோதண்டத்தையும் அதில் ஏற்றிவிட்டு முசே கீழேயே நின்றார்.

"ஏறு முசே!"

"மூணு பேர் ஏறினா இழுக்கறவன் செத்துடுவான்ப்பா. நான் நடந்து வரேன்."

"நடந்தா வெஷம் சீக்கிரம் ஏறும்யா!"

கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, காகிதப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி ரிக்ஷாவின் பக்கத்திலேயே ஓட்டமும் நடையுமாக வந்தார். ரிக்ஷாவுக்குள் நாங்கள் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டு வந்தோம். எனக்கு வாய் உலர்ந்தது. அவனுக்கும் உலர்ந்தது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அவனுக்கும்தான். ஊமத்தை தின்றால் பைத்தியம் பிடிக்கும் என்று ஊரில் கேள்விப்பட்டிருக்கிறேன். என் ஊர்ப் பெயரையும் அம்மா பெயரையும் மனசுக்குள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தம்பி பெயர் ஒரு நிமிஷம் வரவில்லை. கத்தியே விட்டேன்.

பாதி வழியில் முசே நின்றுவிட்டார். ஒரு விளக்குக் கம்பத்தின் எதிரே நிமிர்ந்து நின்று, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "போன்ழூர், முசே" என்று கம்பத்துக்கு வணக்கம் சொன்னார். பிறகு அதனிடம் பிரெஞ்சில் ஏதோ பணிவாக விளக்க ஆரம்பித்தார்.

வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். கோதண்டம் ரிக்ஷாவிலிருந்து குதித்தான். கம்பத்திடமிருந்து அவரைப் பிரித்து, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி என் மடியில் போட்டான். அவர் உடம்பு கொதித்தது. முகம் செக்கச் செவேலென்று இருந்தது. கண்ணில் கருமணி அகன்று, கண் முழுவதும் கறுப்பாகத் தெரிந்தது. கோதண்டம் ரிக்ஷாவைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே ஓடிவந்தான்.

டாக்டர் எங்கள் இருவர் கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். "இன்னிக்கு என்ன கிழமை?" என்று கோதண்டத்தைக் கேட்டார்.

"சனிக்கெழமைங்க."

டாக்டர் முகம் இறுகியது. நான் குறுக்கிட்டு, "அவன் ஷிப்டு வேலைங்க, எப்பவுமே கிழமை தெரியாது" என்று சொல்லிக் காப்பாற்றினேன். நீங்கள் ரெண்டு பேரும் கக்கியதால் தப்பித்தீர்கள் என்றார். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தவர், முசேவை உள்ளே தூக்கிப் போகச் சொன்னார்.

"இவருக்கு யார் இருக்காங்க?"

நான் அவர் கையால் சாப்பிட ஆரம்பித்து அன்றைக்கு ஒரு வருஷம் முடிந்திருந்தது. அவருக்கு அண்ணன் தம்பி உண்டா, எந்த ஊர், ஒன்றும் கேட்டதில்லை. சாப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறோம்.

"நாங்கதான்" என்றான் கோதண்டம்.

"ராத்திரி தாண்டிட்டா பரவாயில்லை" என்றார் டாக்டர்.

மறுநாள் சாயங்காலம்தான் பார்க்கவிட்டார்கள். உயிர் இருந்தது. புத்தி இல்லை. கட்டிலில் உட்கார்ந்து வெள்ளைப் போர்வையிலிருந்து எதையோ விரலால் கிள்ளி எடுத்துக்கொண்டே இருந்தார். எங்களைப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. ஊமத்தை தின்றவர்கள் இப்படித்தான் இல்லாததைப் பொறுக்குவார்கள் என்று கன்னியாஸ்திரி அம்மா சொன்னார்கள். கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. முசே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இல்லாத தண்டிலிருந்து இல்லாத இலையைக் கிள்ளி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, இரண்டு குவியலாகப் போர்வைமேல் வைத்தார்.

"இது புள்ளைங்களுக்கு. இது வாணாம், இது வாணாம்" என்று முணுமுணுத்தார்.

கோதண்டம் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான்.

மூன்றாம் நாள் தெளிந்துவிட்டது. அந்த முதல் நிமிஷத்திலேயே, "நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். இருக்கிறோம் என்றோம். நம்பாமல் எங்கள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

ரூமுக்குத் திரும்பியவர் அடுப்புப் பக்கமே போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நாங்கள் ஓட்டலில் சாப்பிட்டு, அவருக்கும் வாங்கிவந்தோம். நாலு நாள் பொறுத்த கோதண்டம், ஐந்தாம் நாள் அஞ்சலையையே கூடையோடு மாடிக்குக் கூட்டிவந்துவிட்டான்.

"அரைக்கீரை. ஆக்கு முசே. ஓட்டல் சாம்பார் எனக்கு ஒத்துக்கல."

"எனக்குக் கண்ணு இன்னும் மங்கலா கீதுப்பா. பயமா இருக்குது."

"எங்களுக்கும்தான் பயம். நாலு பேரா பாக்கலாம், குந்து."

ஒரு கட்டுக் கீரையை நாலு பேர் ஒன்றரை மணி நேரம் ஆய்ந்தோம். ஒவ்வொரு இலையையும் அஞ்சலை பார்த்துச் சரி என்ற பிறகுதான் சட்டியில் போட்டார். கடைந்து இறக்கினார். தட்டை எங்களுக்கு வைக்கவில்லை, தனக்கு வைத்துக்கொண்டார். சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்தார்.

"எங்களுக்கு?"

"அரை மணி ஆவட்டும்."

மாதா கோயில் மணி அடிக்கிறவரை நானும் கோதண்டமும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டார். பிறகுதான் எழுந்து சோறு போட்டார். நான் அந்த ரூமில் இருந்த மிச்ச நாள் முழுவதும் அதுவே சட்டமாகிவிட்டது. வெறும் ரசமானாலும் முதலில் அவர், அரை மணி கழித்து நாங்கள். சூடான சோறு எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

பிறகு எனக்கு விழுப்புரத்தில் வேறு வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆயிற்று. முதல் நாள் என் மனைவி ஆவி பறக்கச் சோறு போட்டுவிட்டு எதிரில் நின்றாள். நான் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"ஏன், இன்னும் யாராச்சும் வரணுமா?" என்று கேட்டாள்.

"முசே சாப்ட்டாரான்னு தெரியலியே" என்று சொல்லிவிட்டேன்.