கதவுக்கு ஒண்ணு, சாருக்கு ரெண்டு

புதுக்கோட்டை,
செவ்வாய்.

மதிப்பிற்குரிய பெலிக்ஸ் மாமா அவர்களுக்கு, மருமகள் இசைவாணியின் தோத்திரம். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எழுதுவதற்கு மன்னிக்கவும். போனில் நீங்கள் "ம்" என்றாலே எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம், "காலேஜுல டைப் அடிக்கிறா, கல்யாணம் முடிஞ்சா விட்டுருவா" என்று நீங்கள் சொன்னதாக அம்மா சொன்னார்கள். வருத்தமில்லை. ஆனால் நான் டைப் அடிக்கவில்லை மாமா, கல்லூரிக் கணினிகளின் இணைப்பைப் பார்த்துக்கொள்கிறேன்.

எங்கள் கல்லூரியில் எல்லாக் கணினிகளும் ஒரே நெட்வொர்க்கில், அதாவது ஒரே தெருவில், இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வீட்டு எண் வேண்டும். இருந்ததோ இருநூற்று ஐம்பத்தாறு. விடுதிப் பிள்ளைகளின் போன்கள் காலையிலேயே எல்லா எண்ணையும் பிடித்துக்கொள்ள, ஹால் டிக்கெட் அடிக்கும் நாளன்று அலுவலகக் கணினிக்கு எண்ணே கிடைக்கவில்லை, அதே நேரம் அஜித் என்ற மாணவனின் பிறந்தநாள் போஸ்டர் முதல்வர் அறை பிரிண்டரில் ஒன்பது பிரதி வந்து விழுந்தது, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எண்ணில் எதுவரை தெரு, எங்கிருந்து வீடு என்று கணினிக்குச் சொல்வதுதான் சப்நெட் மாஸ்க். அதன் கடைசிப் பகுதியில் பூஜ்யத்தை எடுத்துவிட்டு 192 என்று போட்டேன். ஒரு தெரு நான்கு தெருவானது: அலுவலகம், ஆய்வகம், நூலகம், விடுதி. ஆளுக்கு அறுபத்து நான்கு எண்கள்.

பங்கு என்றதும் அலுவலகக் கண்காணிப்பாளர் பெரியகருப்பன் சார் வந்துவிட்டார். அவர் ஊர்க் கோவிலில் முதல் மரியாதை அவர் குடும்பத்துக்குத்தான். அலுவலகத்துக்கு முதல் பங்கைக் கொடுத்தும் போதவில்லை. நான் சாப்பிடப் போன நேரம் பார்த்து முதல் எண்ணான பூஜ்யத்தைத் தன் கணினியில் தானே அடித்திருக்கிறார்.

"ஏம்மா, கம்ப்யூட்டரு என்னய வேணாங்குது?"

"சைபர் அந்தத் தெருவோட பேரு சார். பேருல யாரும் குடியிருக்க முடியாதுங்க."

"அப்பக் கடைசி நம்பரு?"

"அது தெரு முழுக்கக் கேக்குற தண்டோராவுக்கு சார்."

"ஒண்ணு?"

"வாசக்கதவுக்குக் குடுத்தாச்சுங்க. வெளிய போற வழி அதுதான்."

"கதவுக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டா!"

"கதவத் தாண்டுனா மொத ஆளு நீங்கதான சார்."

அன்று முதல் வருகிறவர்களிடமெல்லாம் தன் எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஹால் டிக்கெட் தடையில்லாமல் வருகிறது. விடுதித் தெரு நிரம்பினால் மிச்சப் போன்கள் வெளியே நிற்கும். ஒரு தெருவில் அடித்தது இன்னொரு தெருவில் வராதபடி கதவையும் பூட்டிவிட்டேன். நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் செய்த வேலை இது மாமா. பிழையே இல்லை.

அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. எல்லோரையும் அடைக்கலமாதா காப்பாராக.

மருமகள்,
இசைவாணி

பி.கு.: இதைக் கையால் எழுதுகிறேன். கடிதத்தை அச்சுக்குக் கொடுத்தேன். பெரியகருப்பன் சார் அறையில் வந்துவிட்டது. எல்லோருக்கும் பங்கு பிரித்தவள் என் கணினியை அவர் தெருவிலேயே விட்டிருக்கிறேன். கண்ணாடி போட்டு முழுவதும் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். "எல்லாஞ் சரிதான். நீ வேலைய விட்டுருவேன்னு மாமன் சொன்னத எழுதிருக்க, விடமாட்டேன்னு எங்கயும் காணமே?" என்றார்.

விடமாட்டேன் மாமா. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வரும்போது, அதை நீங்களே உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள்.