மலைக்கா, மச்சான் வீட்டுக்கா?

இந்த விடுமுறைக்கு மலைக்குத்தான் போவது என்று நிபுணர் முடிவு கட்டிவிட்டார். கேட்டாலும் கேட்காவிட்டாலும் யோசனை சொல்வதால் தெருவே அவருக்கு வைத்த பெயர் அது. பழைய வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, அடுப்பு, குளியலறை என்று எல்லாவற்றையும் உள்ளே அடைத்து, நடமாடும் வீடாக்கி வைத்திருந்தார். மனைவிக்கோ முதல் பயணம் அண்ணன் வீட்டுக்குத்தான். போன தடவை அந்த மச்சான் தன் குடலிறக்க ஆபரேஷன் கதையை மூன்று நாள் சொன்னார். நான்காம் நாள் தழும்பைக் காட்டினார். இன்னொரு தடவை உடம்பு தாங்காது.

மலைக் குளிரில் பச்சைத் தண்ணீரில் யார் குளிப்பது என்று மனைவி கேட்டதுதான் தாமதம், நிபுணர் ஓடிப்போய் ஒரு கேஸ் ஹீட்டர் வாங்கி வந்து வேனில் மாட்டினார். வெந்நீரைத் தேக்கி வைக்கத் தொட்டியே கிடையாது. குழாயைத் திறந்தால் தண்ணீர் ஓடும் வேகத்தில் நெருப்பு தானாகப் பற்றிக்கொள்ளும். சிலிண்டர் உள்ளவரை வெந்நீர். இதை மனைவிக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்கும், வழி கேட்க நின்ற ஒருவருக்கும் விளக்கினார்.

பந்தயமும் அவரே கட்டினார். தான் குளித்து முடிக்கும்வரை வெந்நீர் நிற்காமல் வந்தால் மலை. நடுவில் நின்றால் மச்சான் வீடு.

காலையில் துண்டும் கையுமாக வேனுக்குள் நுழைந்தார். ஹீட்டர் 'டிக் டிக்' என்றது. பற்றியது. ஆவி பறந்தது. உள்ளம் குளிர்ந்து, உச்சி முதல் உள்ளங்கால்வரை சோப்புப் போட்டார்.

அப்போதுதான் தண்ணீர் ஐஸ் மாதிரி ஒழுக ஆரம்பித்தது.

"சமையல் பக்கம் குழாயைத் திறந்தியா?" என்று வேனின் மறுகோடியில் இருந்த மனைவியிடம் கத்தினார்.

"பாத்திரம் கழுவுறேங்க. பச்சைத் தண்ணிதான். உங்க வெந்நீரை நான் தொடவே இல்லை."

"இருக்கிறது ஒரே ஒரு சின்ன மோட்டாரும்மா. அங்க திறந்தா இங்க வேகம் குறையும். வேகம் குறைஞ்சா நெருப்பு அணைஞ்சுடும்."

"அதான் நாலு தடவை பாடம் நடத்துனீங்களே."

நிபுணரின் பல் தந்தியடித்தது. பந்தயம் செல்லாது என்றார், ஒழுகலும் நின்றுபோனது. மலையில் மட்டும் பாத்திரம் கழுவ வேண்டாமா என்று அவள் கேட்டாள். பாதி நாள் மலை, பாதி நாள் மச்சான் என்று இறங்கி வந்தார். வெந்நீர் வந்து வந்து போனது. மலை என்றால் பச்சைத் தண்ணீர், மச்சான் என்றால் வெந்நீர். இப்படியொரு குழாயை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

"சரி தாயே, ஒரு வாரமும் உங்க அண்ணன் வீடுதான்."

கொட்டியது பாருங்கள் வெந்நீர்.

சோப்பு இறங்க இறங்க மூளை ஏறியது. நுரைக்குள் நின்று கொடுத்த வாக்கு நுரையோடு போயிற்று. சட்டையைப் போட்டுக்கொண்டு தெம்பாகப் பேசிக்கொள்ளலாம். குழாயை மூடி, நிதானமாகத் தலை துவட்டிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று கால் தடுமாறியது. கதவைத் திறந்தார். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீடு பின்னால் போய்க்கொண்டிருந்தது. சிலிண்டரை மறக்காமல் மூடிவிட்டு, டிரைவர் சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"என் துணியெல்லாம் வீட்ல இருக்கும்மா" என்றார், துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

"அண்ணன்கிட்ட நேத்தே சொல்லிட்டேங்க. அவர் சட்டையில ரெண்டு உங்களுக்குத் துவைச்சு வெச்சிருக்காராம்."